முகத்துவாரத்தில் வேண்டாம், கடற்கரையில் எங்களை விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரியம்மாவின் அஸ்தியைக் கரைக்கத் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்துபோன சென்னை வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைப் போன மாதம் உங்கள் பத்திரிகையில் படித்தேன். உம்கேனி ஆறு கடலில் கலக்கிற இடத்தில், புளூ லகூன் என்று நாங்கள் சொல்கிற முகத்துவாரத்தில், இரண்டு பேர் மெட்டல் டிடெக்டரை வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் துழாவியதைப் பார்த்தாராம். கங்கைக்கென்று போட்ட காசைப் பொறுக்குகிறார்கள், இவர்கள் பிணந்தின்னிகள், இந்தக் கருவியையே கடற்கரைப் பக்கம் வரவிடாமல் தடை செய்ய வேண்டும் என்று கடிதத்தை முடித்திருந்தார்.

அந்தக் கருவி என்னிடமும் ஒன்று இருக்கிறது. அதனால் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவரோடு எனக்குப் பாதி சண்டை, பாதி உடன்பாடு. சண்டையை முதலில் போட்டுவிடுகிறேன்.

நான் டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதிக்காரி. அறுபதைத் தாண்டியவள். டர்பனில் தையல் ஆலைகள் மூடப்படும்வரை அவற்றில் ஒன்றில் வேலை பார்த்தேன். (தமிழ் எழுத வருவது அப்பாவின் புண்ணியம். அவர் மாலைநேரப் பாடசாலையில் சொல்லிக்கொடுத்தவர்.) ஒரே கூடத்தில் அத்தனை மெஷின் ஓடும்போது, பக்கத்து வரிசையில் எந்த மெஷினின் ஊசி முறியப்போகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். வேலை போனது, காது மட்டும் மிஞ்சியது. மகன் ஒரு மைன்லேப் கருவி வாங்கித் தந்தபோது அந்தக் காதுக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்தது.

புதையல் ஆசை என்று வாசகர் நினைப்பது இந்த வேலையை அருகில் பார்க்காததால். கருவியின் அடியில் இருக்கிற ‘காயில்’ என்கிற வட்டக் கம்பிச்சுருள், மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்பும். கீழே உலோகம் கிடந்தால் அதில் சின்னதாக ஒரு சுழல் மின்னோட்டம் எழும். அதன் பதிலை வாங்கி ஹெட்ஃபோனில் ஓசையாகவும் திரையில் எண்ணாகவும் கருவி தரும். இரும்பு உறுமும். பழைய வெள்ளிக்காசு உச்சத்தில் மணியடிக்கும். தங்கம்தான் குறும்பு. மோதிரத்தின் ஓசையும் பீர் டின்னின் இழுப்பு வளையத்தின் ஓசையும் ஒன்றாகவே இருக்கும், எண்ணும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். ‘அலுமினியக் குப்பை வேண்டாம்’ என்று கருவியை அடக்கி வைத்தால் தங்கமும் சேர்ந்து அடங்கிவிடும். ஆகவே எல்லாவற்றையும் தோண்டு, வேறு வழியில்லை. மெல்லிய சங்கிலி இன்னும் மோசம். கருவிக்குச் சங்கிலியாக அது தெரியாது, ஒவ்வொரு கண்ணியாகத்தான் தெரியும், கண்ணியோ மணலுக்குள் காணாமல் போகிற அளவு. கொக்கியோ பதக்கமோ இருந்தால்தான் ஏதாவது முனகும்.

போதாக்குறைக்கு எங்கள் மணல். டர்பன் இருக்கிற நேட்டால் கடற்கரையில் கறுப்பு மணல் படை படையாக வரும். இல்மனைட், மேக்னடைட் என்ற இரும்புச்சத்துள்ள தாதுக்கள் கலந்தது. ரிச்சர்ட்ஸ் பே பக்கம் 1970-களிலிருந்து இப்படிப்பட்ட மணலைத் தோண்டித்தான் டைட்டானியம் எடுக்கிறார்கள். உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும். இரண்டும் சேர்ந்த ஈர மணலில் மலிவுக் கருவி ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தும். பொய்ச் சத்தம் எது, மெய்ச் சத்தம் எது என்று பிரிக்கக் காதுக்கு வருஷக்கணக்கில் பழக்கம் வேண்டும்.

அப்புறம் வரும்படி. இன்றைய 10, 20, 50 சென்ட் காசுகள் முலாம் பூசிய எஃகு. கடலில் கொஞ்ச நாள் கிடந்தால் துருவேறிக் கறுப்புக் கட்டியாகிவிடும், எந்தக் கடையும் வாங்காது. பை நிறைய வீடு வருவது பாட்டில் மூடியும் ஃபாயிலும் தூண்டிலின் ஈயக்குண்டும்தான். கடற்கரையில் கிடக்கவேண்டாத குப்பை அது என்பதால் அதை மறுபடி மணலில் எறியமாட்டோம். தோண்டிய குழியையும் மூடிவிட்டுத்தான் நகர்வோம், குழந்தை ஓடிவந்து கால் ஒடிந்தால் யார் பதில் சொல்வது? பெட்ரோல் செலவைக் கணக்குப் போட்டால் இதைவிட முட்டாள்தனமான வியாபாரம் கிடையாது.

சரி, பிறகு ஏன் போகிறோம்? காதில் ஓசை விழுகிறது. காயிலைக் குறுக்கே ஒருமுறை, நெடுக்கே ஒருமுறை ஆட்டி இடத்தைப் பிடிக்கிறேன். நீளக் கைப்பிடி வைத்த துளைக்கரண்டியைக் காலால் மிதித்து இறக்கி, அள்ளி, அலை வரும்போது தண்ணீருக்குள் வைத்து, முறத்தில் அரிசி புடைப்பது போல ஆட்டுகிறேன். மணல் துளை வழியே ஓடிப்போகிறது. அடியில் எஃகின்மேல் எதுவோ ‘டிங்’ என்று உட்காருகிறது. அது என்னவென்று கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் ஒரு நொடி இருக்கிறதே, அதற்காகத்தான். அந்த நொடியில் மகளின் கடனும் முட்டிவலியும் எனக்கு ஞாபகம் வந்ததில்லை. என்னோடு வருகிற இருவரும் இதையேதான் வேறு பாஷையில் சொல்கிறார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், ஆப்பிரிக்கானர் என்கிற டச்சு வழி வெள்ளைக்காரர். மற்றவர் இரவுக்காவல் முடிந்து நேராகக் கடற்கரைக்கு வருகிற சூலு இளைஞர், என்னை ‘மா’ என்பார். விடிவதற்கு முன் அங்கே தனியாகப் போகிற துணிச்சல் எங்கள் மூவரில் யாருக்கும் இல்லை.

வாசகர் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். ஓர் ஈஸ்டர் விடுமுறை. டர்பனுக்கு வடக்கே உள்ள ஃபீனிக்ஸிலிருந்து வந்திருந்த ஒரு பெண், கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவள், நார்த் பீச்சில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருக்கிறாள். ஒரு பெரிய அலை. தாலியின் மஞ்சள் கயிறு அறுந்து, இரண்டு பொட்டும் குண்டுமணிகளும் தண்ணீரோடு போய்விட்டன. உயிர்காப்பு வேலை பார்க்கிற பையன்களிடம் எங்கள் நம்பர் இருக்கும். அவர்கள்தான் கூப்பிட்டார்கள்.

போனால், அவள் “ஆன்ட்டி, நான் இங்கேதான் நின்றேன்” என்கிறாள். புருஷன் முப்பது அடி தள்ளிக் கைகாட்டுகிறான். இரண்டையும் நம்பக் கூடாது. அழுதுகொண்டிருப்பவருக்கு இடம் தெரியாது. “அப்போது எடுத்த போட்டோ இருக்கிறதா?” என்று கேட்டேன். இருந்தது. அவள் தோளுக்குப் பின்னால், கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலத்தின் தூண்கள் தெரிந்தன. அதே தூண்கள் அதே மாதிரித் தெரிகிற இடத்துக்கு நடந்து போய் ஒரு குச்சியை நட்டோம். பௌர்ணமியை ஒட்டிய நாள். எங்கள் ஊரில் அமாவாசை பௌர்ணமி சமயத்தில் காலை ஒன்பது பத்து மணிவாக்கிலும் அதேபோல் இரவிலும் கடல் நன்றாக உள்வாங்கும். இதற்காகவே என் சமையலறையில் தமிழ் நாட்காட்டி தொங்குகிறது. கோவிலுக்குப் போகும் நாளையும் கடலுக்குப் போகும் நாளையும் அதே தாளில்தான் பார்க்கிறேன். ஆக, அவள் இடுப்பளவு நின்ற இடம் இரவில் ஈர மணலாகிவிடும்.

நெற்றி விளக்கோடு மூவரும் போனோம். துளைக்கரண்டியின் பிடியால் மணலில் கோடு கிழித்து, கோட்டுக்குக் கோடு கொஞ்சம் மேலேறினாற்போல் காயிலை மெதுவாக வீசினோம். கயிறு கருவிக்குக் கேட்காது. குண்டுமணி வெறும் உமிபோல் லேசான தங்கத்தகடு. எதிர்பார்க்க வேண்டியது பொட்டை மட்டும். எங்களுக்குப் பின்னால் மாமியார், “கயிறு அறுந்தாலே சகுனம் நல்லாயில்லை” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். “அக்கா, அது நூல். உப்புத் தண்ணீர் பட்டால் இற்றுப்போகும். முப்பது வருஷம் நூலில் பிழைத்தவள் சொல்கிறேன்” என்றேன். அதன்பின் கொஞ்சம் அமைதி. முதல் பொட்டு எனக்குக் கிடைத்தது, விரல்கடை ஆழத்தில். அடுத்தது மறுநாள் காலை வற்றத்தில் ரயில்வேக்காரருக்கு. பழைய சட்டைப் பித்தான் என்று நினைத்துக் குப்பைப் பையில் போடப் போனவரைக் கையைப் பிடித்து நிறுத்தினேன். குண்டுமணிகளில் ஒன்றுகூடத் தேறவில்லை. மாமியாரே புதுக்கயிறு வாங்கிவந்து மஞ்சள் பூசிக் கோத்தார். காசு நீட்டினார்கள், வாங்கவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு டப்பா சோஜி (ரவை இனிப்பு) வந்தது, அதை வாங்கிக்கொண்டோம்.

இந்த நாட்டின் ரோமன்-டச்சுச் சட்டத்திலும் இதற்கு இடம் இருக்கிறது. தவறிப்போன பொருள் தவறவிட்டவருக்கே சொந்தம், கண்டெடுத்தவருக்கு அல்ல. வேண்டாமென்று மனதாரக் கைவிட்ட பொருளைத்தான் எடுத்தவர் தனதாக்கிக்கொள்ளலாம். மோதிரத்தின் உள்பக்கம் தேதியோ எழுத்தோ பொறித்திருந்தால் நாங்கள் உடைமைக்காரரைத் தேடத் தொடங்கிவிடுவோம். தேடிப் பிடித்துக் கொடுப்பதில் இருக்கிற ருசி விற்பதில் இல்லை.

எனக்கு மட்டும் இன்னொரு காரணம் உண்டு. சின்ன வயதில் அந்தக் கடற்கரையின் நல்ல பாகங்களில் நாங்கள் கால் வைக்க முடியாது. 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மணல்துண்டும் எந்த நிறத்தாருக்கு என்று பலகை நட்டிருந்தார்கள். டர்பன் கடற்கரை எல்லோருக்கும் என்று ஆனது 1989-இல், சட்டம் போனது அதற்கடுத்த வருஷம். இன்று அதே இடத்தில் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ஷில்லிங்கும், டிக்கி என்று நாங்கள் சொன்ன மூன்று பென்னிக் காசும் என் கரண்டியில் விழும்போது எனக்கு வருகிற சிரிப்பு கொஞ்சம் பொல்லாத சிரிப்புதான். நாணயம் ராண்டுக்கு மாறியது 1961 பிப்ரவரி 14-இல். அப்படியானால் டிக்கி விழுந்தது பெரும்பாலும் அதற்கு முன்னால். யாருடைய பையிலிருந்து என்று மட்டும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலை மறித்துவிடுவதால், தூர் வாரிய மணலை நகராட்சி குழாய் வழியாகக் கடற்கரைக்கு இறைக்கிறது. அலை வேறு புரட்டுகிறது. இங்கே கிடப்பது இங்கேதான் விழுந்தது என்று சத்தியம் செய்ய முடியாது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: கடற்கரையில் ஒரு காசை எடுப்பதால் எந்தச் சரித்திரமும் கலைவதில்லை. கலைக்கவேண்டிய வேலையைக் கடல் முன்பே செய்துவிட்டது.

நிலம் அப்படியல்ல. இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டம் ஹாக்ஸ்னி கிராமத்தில் ஒரு விவசாயியின் சுத்தியல் வயலில் தொலைந்துபோனது. எரிக் லாஸ் என்ற நண்பர் அதைத் தேடிக்கொடுக்க டிடெக்டரோடு போனார். சுத்தியலுக்குப் பதில் ரோமானியர் காலத்துத் தங்கமும் வெள்ளியும் வந்தன. அந்த மனிதர் ஆசைப்பட்டு அள்ளிக்கொண்டே போகவில்லை. கொஞ்சத்தில் நிறுத்திவிட்டுத் தகவல் கொடுத்தார். தொல்லியல் துறையினர் வந்து, புதைத்தபோது எந்தப் பொருள் எதன்மேல் எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதுவரை குறித்து எடுத்தார்கள். 14,865 நாணயங்கள். நான்கு வெள்ளி மிளகுச் சிமிழ்கள். மிளகு எங்கிருந்து போயிருக்கும் என்று தமிழ் வாசகருக்கு நான் சொல்லவேண்டியதில்லை, முசிறிப் பக்கத்து வாசம் சஃபோக் வயல்வரை போயிருக்கிறது. சுத்தியலும் கிடைத்தது. அதுவும் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அவர் அதைக் கண்டெடுத்த நாள் 1992 நவம்பர் 16. அதே நவம்பர் 16-ஆம் தேதி, 1860-இல், மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தக் கூலிகளாக எங்கள் முன்னோரில் 342 பேரை இந்தத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லைதான். ஆனாலும் ஒவ்வொரு நவம்பரிலும் எனக்கு இரண்டும் சேர்ந்தே ஞாபகம் வருகிறது.

எங்கள் ஆட்களிலும் ஆசைக்காரர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. ‘ஸ்பியன்கோப் மலைக்குப் போகலாம், போயர் யுத்தத்துத் தோட்டாவும் பித்தானும் நல்ல விலைக்குப் போகும்’ என்று காதில் ஓதுவார்கள். 1900 ஜனவரியில் அங்கே பிரிட்டிஷாருக்கும் டச்சு வழிப் போயர்களுக்கும் நடந்த சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தது காந்தி திரட்டிய இந்திய ஆம்புலன்ஸ் படை. சுமார் 1,100 பேரில் 800 பேர் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். அந்த மண்ணில் ஒரு தோட்டா கிடக்கிற இடமே ஒரு சாட்சி. அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்தில் 1984-இல் தொல்லியலாளர்கள் டிடெக்டர்காரர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தோட்டாவும் உறையும் கிடந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, சண்டை எப்படி நகர்ந்தது என்று கண்டுபிடித்தார்கள். பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் அது வெறும் ஈயம். எங்கள் நாட்டின் 1999-ஆம் ஆண்டுப் பாரம்பரியச் சட்டம், 35-ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் தொல்லியல் இடங்களுக்குள் டிடெக்டரைக் கொண்டுபோகவே கூடாது என்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்டவை தொல்பொருள். போர் சம்பந்தப்பட்டதென்றால் 75 வருஷமே போதும். கரும்புத் தோட்டங்களில் கூலிகள் குடியிருந்த பாரக்ஸ் என்கிற பழைய வரிசைவீட்டு மனைகளும் இதில் அடக்கம். என் ஆயா பிறந்தது அப்படி ஒரு பாரக்ஸில்தான். அங்கே தோண்டலாம் வா என்று கூப்பிட்டவரோடு நான் இப்போது பேசுவதில்லை.

இனி உடன்பாடு. வாசகரே, முகத்துவார விஷயத்தில் நீங்கள் கோபப்பட்டது நியாயம். சட்டத்தைக் கேட்டால், கங்கைக்குப் போட்ட காசு கைவிட்ட பொருள், எடுத்தவன் எடுக்கலாம் என்றுகூட ஒரு வக்கீல் வாதாடுவார். எனக்கு அந்த வாதம் ஒத்துவராது. போட்டவர் அதை வேண்டாமென்று எறியவில்லை, கொடுத்தார். கொடுத்ததை எடுக்க எனக்கு உரிமையில்லை. அதனால் அஸ்தி கரைக்கிற இடத்தில் நாங்கள் மூவரும் கருவியை இறக்குவதில்லை. தண்ணீரில் முங்கிக் காசெடுக்கிற ஏழைப் பையன்களை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அவர்கள் கையில் கருவி இல்லை, வீட்டில் ரொட்டியும் இல்லை. அவர்கள் எடுத்தால் கங்கை கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பது என் எண்ணம்.

எல்லாமே இவ்வளவு தெளிவாகவும் இருப்பதில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஆறுகள் வீடுவாசலையே அடித்துக்கொண்டு கடலுக்கு வந்தன, நானூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு கடற்கரையில் எனக்கு ஒரு பித்தளைக் காமாட்சி விளக்கு கிடைத்தது. யாரோ ஆற்றில் விட்டதா, யாருடைய வீட்டு சாமிமாடத்திலிருந்து வெள்ளம் பிடுங்கியதா? விட்டதென்றால் திரும்பக் கடலில் இடவேண்டும், பிடுங்கியதென்றால் உடைமைக்காரரிடம் சேர்க்கவேண்டும். நாலைந்து கோவில்களில் சொல்லி வைத்தேன், கேட்டு யாரும் வரவில்லை. இப்போது அது எங்கள் பக்கத்துக் கோவிலில் எரிகிறது. செய்தது சரியா என்று ஐயரிடம் கேட்டால், “எண்ணெய் வாங்கிக் கொடுங்கள்” என்கிறார்.

கடற்கரை முழுவதும் தடை என்பது அதிகம். முகத்துவாரத்தில் அஸ்தி கரைக்கிற படித்துறைப் பக்கம் டிடெக்டர் கூடாது என்று இங்குள்ள சங்கங்கள் சேர்ந்து ஒரு பலகை வைக்கட்டும், அதற்கு நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன். பதிலுக்கு நம்மவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பூமாலையைக் கம்பியோடு ஆற்றில் விடாதீர்கள். படையலை அலுமினியத் தட்டோடு விடாதீர்கள். அதெல்லாம் கங்கையிடம் போவதில்லை, மறுநாள் கரையொதுங்கி மீன்பிடிக்கிறவர் காலைக் கிழிக்கிறது. தண்ணீருக்கு வெளியே ஒதுங்கிய கம்பியை மட்டும் நாங்கள் பொறுக்கிக்கொண்டு வருகிறோம்.

கடைசியாக, டிசம்பர் விடுமுறைக்கு எங்கள் ஊர் வருகிறவர்களுக்கு. கடலில் இறங்குமுன் மோதிரத்தைக் கழற்றிப் பையில் வையுங்கள், குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும். அப்படியும் தொலைந்துவிட்டால் உடனே மணலைக் கையால் கிளறாதீர்கள், ஆழத்துக்குப் போய்விடும். நின்ற இடத்திலிருந்து பாலமோ கட்டடமோ தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுங்கள். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள், மணி தெரிந்தால் தண்ணீர் எவ்வளவு இருந்தது என்பது எங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு உயிர்காப்பாளர் கோபுரத்தில் சொல்லுங்கள். அவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல்காரி,
சாட்ஸ்வொர்த், டர்பன்.

(பெயரைப் போடவேண்டாம். வீட்டில் தங்கம் இருக்கிறது என்று எவனாவது நம்பிவிடுவான்.)